கொழுந்துக் கொப்பியும் புள்ளிவிபரவியல் புத்தகமும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 25. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"உயர்தரத்தில் இணைந்த கணிதம் தமிழில் படித்தேன். பட்டம் முடித்து இப்போது வேலை செய்கிறேன். அடுத்த வருடம் பேராதனையில் புள்ளிவிபரவியலில் பட்டப்பின் படிப்புக்குப் போக நினைக்கிறேன். தெரிந்த அண்ணா ஒருவர் ஏழு புத்தகங்களின் பெயர் எழுதித் தந்தார். பாதி புள்ளிவிபரவியல், பாதி கணித மாதிரியுருவாக்கம் (மொடலிங்). ஒன்றை வாங்கி மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டேன். எனக்கு இதற்கு மூளை போதாதோ என்று யோசிக்கிறேன். கையில் 20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்க? எதை முதலில் படிக்க? எல்லாம் ஆங்கிலம் என்பதும் பயமாக இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கிறார். நான்கு வருடமாக அவருடைய கிலோக் கணக்கைக் கொப்பியில் எழுதி வருகிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பது நியாயமா என்று ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கடைசியாக, நல்ல கல்குலேட்டர் ஒன்று வாங்கவா?"

அன்பின் தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கும்போது அந்தக் கொழுந்துக் கொப்பியிலேயே மனம் நின்றுவிட்டது. நான்கு வருடத் தரவு, ஒரே ஆள், ஒரே தோட்டம், ஒவ்வொரு நாளின் நிறுவையும் உங்கள் கையெழுத்தில். நீண்ட காலமாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். இப்படியொரு கொப்பியோடு வகுப்புக்கு வந்த மாணவர் எனக்கு வாய்த்ததில்லை. ஆகவே புத்தகம் தெரிவு செய்வதைப் பற்றியும் அந்தக் கொப்பியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மூளை விஷயம். நீங்கள் வாங்கியதாக எழுதியிருப்பது கணிதப் புள்ளிவிபரவியல் புத்தகம். அதில் மூன்றாம் அத்தியாயத்துக்குள்ளேயே திருப்புதிறன் பிறப்பிக்கும் சார்புகள் (மோமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷன்) வந்துவிடும். தேற்றம், நிறுவல், அடுத்த தேற்றம் என்று போகும். அதைக் குறைசொல்ல முடியாது, ஏற்கெனவே தரவோடு இரண்டு வருடம் பழகியவருக்கு எழுதிய புத்தகம் அது. நியம விலகல், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, எதற்கு வேண்டும் என்ற கேள்வியே மனதில் எழாத நேரத்தில் அதன் பண்புகளை நிறுவிக் காட்டினால் யாருக்கும் கை நின்றுபோகும். எனக்கும் நின்றது. கம்பஸ் கிடைத்த வருடம் அப்பா தன் தீபாவளி முற்பணத்தில் பாதியை என் கையில் தந்தார். அந்தக் காசில் இருந்ததிலேயே தடித்த புத்தகத்தை வாங்கினேன். மாதாமாதம் அப்பாவின் சம்பளத்தில் அந்த முற்பணம் வெட்டுப்பட்டு முடியும்வரை நான் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அந்தக் குற்ற உணர்வு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் அதைச் சுமக்க வேண்டாம். அந்தப் புத்தகத்தைக் கடதாசி சுற்றி மேலே வையுங்கள். இரண்டாம் தவணையில் அதுவே உங்களுக்குத் தேவைப்படும்.

இப்போது வாங்கச் சொல்வது ஒரு புத்தகம். ஃபிரீட்மன், பிசானி, பர்வ்ஸ் என்ற மூன்று பேர் சேர்ந்து எழுதிய 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்'. முதற்பதிப்பு 1978, நான்காம் பதிப்பு 2007. பழைய பதிப்பு கிடைத்தாலும் தயங்காமல் வாங்குங்கள், உங்களுக்கு வேண்டியது எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடச் சொல்லிக் கொழும்பில் இருக்கும் யாரிடமாவது சொல்லி வையுங்கள். அந்தப் புத்தகத்தில் இயற்கணிதம் மிகக் குறைவு. அதைப் பார்த்து, 'இணைந்த கணிதம் படித்த எனக்கு இது எதற்கு' என்று தோன்றலாம். தோன்றினாலும் படியுங்கள். 1954இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியை எப்படிச் சோதித்தார்கள் என்பதில் தொடங்குகிறது. தரவு எங்கிருந்து வந்தது, யார் சேர்த்தார்கள், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டு முடித்த பிறகுதான் சராசரிக்கு வருகிறது. தடித்த புத்தகங்கள் பல இந்தப் பகுதியை நாலு வரியில் கடந்துவிடும்.

அதில் அளவீட்டு வழு பற்றிய ஆறாம் அத்தியாயத்தை உங்களுக்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் 'என்.பி. 10' என்று ஒரு நிறைகல் இருந்தது. 10 கிராம் இருக்க வேண்டிய கல். அதே கல்லை, அதே கருவியில், அதே கவனத்தோடு திரும்பத் திரும்ப நிறுத்தார்கள். நூறு நிறுவைகளைப் புத்தகத்தில் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். கடைசி இலக்கங்களில் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்கிறது. கல்லோ 10 கிராமுக்கு 400 மைக்ரோகிராம் அளவு குறைவு. இதிலிருந்து இரண்டு விஷயத்தைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று தற்செயல் வழு: ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும், சராசரி எடுத்தால் கரைந்து போகும். மற்றது சாய்வு: எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும், எத்தனை தரம் நிறுத்தாலும் போகாது, வந்த எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது.

இதை மடுவத்துக்குக் கொண்டு வாருங்கள். அம்மாவின் கொழுந்து உண்மையில் 20 கிலோ என்று வைப்போம். தராசு முள் ஒருநாள் அரைக் கிலோ கூட்டிக் காட்டும், ஒருநாள் குறைத்துக் காட்டும். அது தற்செயல். 25 நாள் சராசரி எடுத்தால் அந்த அரைக் கிலோ ஆட்டம் ஐந்தில் ஒன்றாக (25இன் வர்க்கமூலம் 5) சுருங்கி 100 கிராம் அளவுக்கு வந்துவிடும். ஆனால் நாள்தோறும் 2 கிலோ கழித்தால் 25 நாளிலும் சராசரி 18ஐச் சுற்றியே நிற்கும், ஆயிரம் நாளிலும் 18ஐச் சுற்றியே நிற்கும். கொப்பி எவ்வளவு நீளமானாலும் அந்த 2 கிலோவை அது தானாகக் காட்டிக்கொடுக்காது. நான்கு வருடம் கஷ்டப்பட்டு எழுதிய உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தெரியாமல் சராசரியைத் தூக்கிக்கொண்டு போனால் எதிரில் இருப்பவர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

வழி என்னவென்றால், இரண்டாவது தராசு. தொங்கவிட்டு நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று எடுங்கள். முதலில் அந்தத் தராசையே சோதியுங்கள்: ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து லீற்றர் கேன் நான்கை நிரப்பித் தொங்கவிட்டால், வெறும் கேன்களின் நிறை போக 20 கிலோ காட்ட வேண்டும். எவ்வளவு பிசகுகிறது என்று குறித்து வையுங்கள். அப்புறம் மடுவத்துக்குப் போகுமுன் அதே கொழுந்தை இதில் நிறுத்து, பக்கத்தில் மடுவத்து எண்ணை எழுதுங்கள். ஒரு முப்பது நாள் போதும். நாளுக்கு நாள் கொழுந்து கூடிக் குறைந்தாலும் பரவாயில்லை, நீங்கள் பார்ப்பது ஒவ்வொரு நாளின் வித்தியாசத்தை மட்டுமே. இதற்குச் சோடி ஒப்பீடு என்று பெயர். இன்னும் ஒரு நிரல் போடுங்கள்: மழையா, வெயிலா. ஈரக் கொழுந்தில் தண்ணீர் உண்மையாகவே இருக்கிறது, மழை நாளில் கழிப்பதில் ஒரு பகுதி நியாயம். சாக்கின் நிறையும் நியாயம், வெறும் சாக்கைக் காய்ந்தபடி ஒரு தரம், நனைத்து ஒரு தரம் நிறுத்தால் தெரிந்துவிடும். இவற்றைக் கழித்த பிறகும் நல்ல வெயில் நாளில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. கணக்கு உறுதியாகும் வரை யாரிடமும் நீட்ட வேண்டாம். உறுதியானதும் தனியாகப் போகாமல், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரோடு போங்கள். அம்மாவின் பெயர் மட்டும் தனித்துத் தெரியாதபடி இன்னும் நாலைந்து பேரின் நிறுவையும் சேர்ந்தால் நல்லது.

இனி எந்தப் புத்தகத்தைக் கண்டாலும் இதே கேள்வியை அதனிடம் கேளுங்கள். 'என் மடுவத்துக் கணக்குக்கு இந்தப் புத்தகம் என்ன சொல்லும்?' கடையில் நின்றபடியே பார்க்கலாம். முகவுரையில் வாசகருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள், பலர் வாசிப்பதில்லை, முதலில் அதை வாசியுங்கள். பிறகு பயிற்சிகளுக்கு விடை பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகப் படிப்பவருக்கு விடை இல்லாத புத்தகம் இருட்டில் போகும் பாதை மாதிரி. தரவு உண்மைத் தரவா, எக்ஸ் வை என்று பெயரில்லாத எண்களா என்று பாருங்கள். அட்டையில் எத்தனையாம் பதிப்பு என்பதற்காக இரண்டு மடங்கு காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்த படிக்குக் காசே தேவையில்லை. கெல்மன், ஹில், வெஹ்டாரி 2020இல் வெளியிட்ட 'ரிக்ரெஷன் அண்ட் அதர் ஸ்டோரீஸ்' புத்தகத்தை ஆசிரியர்களே சொந்தப் பாவனைக்கு இலவச பிடிஎஃப்பாக வைத்திருக்கிறார்கள். ரிக்ரெஷன் என்பது நாம் பிற்செலவு என்று படித்த அதே விஷயம். இதில் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு: உண்மைத் தரவைத் தொடுமுன் கணினியில் பொய்த் தரவு செய்து பார்ப்பது. நீங்களே 20 கிலோ என்று வைத்து, அரைக் கிலோ ஆட்டம் சேர்த்து, 2 கிலோவைக் கழித்து ஆயிரம் நாள் தரவு செய்யுங்கள். பிறகு, அந்த 2 கிலோவைத் தெரியாதவர் போல உங்கள் முறையால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாது. இரண்டாவது தராசின் நிரலைச் சேர்த்ததும் முடியும். இதை ஒரு தரம் கண்ணால் கண்டவர் வாழ்நாளில் மறக்கமாட்டார். ஆர் என்ற மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

ஜேம்ஸ், விட்டன், ஹேஸ்டி, திப்ஷிரானி நால்வரின் 'ஆன் இன்ட்ரொடக்ஷன் டு ஸ்டாட்டிஸ்டிக்கல் லேர்னிங்' அண்ணா தந்த பட்டியலில் இருக்கிறது. நல்ல புத்தகம், அதுவும் இலவசம், ஆர் மென்பொருளுக்கு ஒரு பதிப்பு, பைதன் என்ற கணினி மொழிக்கு 2023இல் வந்த பதிப்பு ஒன்று. ஆனால் அது எதிர்வுகூறக் கற்றுத் தரும் புத்தகம். தரவு ஏற்கெனவே நேர்மையாகக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்கும். உங்களுக்கு அது மூன்றாவதாக வரட்டும். தோட்டத்து மண்ணில் பரிசோதனை செய்யும் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், கோமஸ் தம்பதியர் விவசாய ஆய்வுக்காக எழுதிய 1984ஆம் வருடப் புத்தகத்தைப் பேராதனை நூலகத்தில் கேளுங்கள். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆய்வு நிலையத்து அனுபவத்தில் எழுதியது. சரிவான மலையில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் மண் ஒன்றல்ல என்பது உங்களுக்குப் பிறப்பிலிருந்தே தெரியும், அந்த வித்தியாசத்தைக் கணக்குக்குள் எப்படி அடக்குவது என்பது அதில் இருக்கிறது.

இனி மாதிரியுருவாக்கம். தமிழில் 'மாதிரி' என்றால் சாம்பிளும் ஆகும், மொடலும் ஆகும். அதனாலேயே நம் பிள்ளைகள் பலர் இரண்டும் ஒரே பாடம் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். நான் வகுப்பில் சாம்பிளுக்கு மாதிரி, மொடலுக்கு மாதிரியுரு என்று பிடிவாதமாகப் பிரித்தே சொல்வேன். புள்ளிவிபரவியல் கொப்பியிலிருந்து கிளம்பும். மாதிரியுருவாக்கம் 'இது எப்படி நடக்கிறது' என்ற ஊகத்திலிருந்து கிளம்பும்.

தேயிலையையே எடுங்கள். ஏறக்குறைய 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழே கொழுந்து வளர்வது அநேகமாக நின்றுவிடும், அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு பாகைக்கும் வளர்ச்சி ஒரே அளவில் கூடும் என்று வைப்போம். எல்லையை 12.5 என்று எடுங்கள். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு, மிச்சம் 3.5. கண்டி 24.5 அளவு, மிச்சம் 12. பிரித்தால் 3.4. அதாவது கண்டியில் கொழுந்து மூன்று மடங்குக்கு மேல் வேகமாக வளர வேண்டும் என்று இந்த மாதிரியுரு சொல்கிறது. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், இதுவே முழு மாதிரியுரு. உடனே கேள்விகள் வரும். நுவரெலியாவில் பறிக்கும் சுற்றும் (ஒரு தரம் பறித்து மறுதரம் பறிக்கும் இடைவெளி) அப்படி மூன்று மடங்கு நீளுகிறதா? இல்லையென்றால் நாம் விட்டது எது? வறட்சியா, கவ்வாத்து வெட்டி எத்தனை வருடம் என்பதா, இரவுக் குளிரா? அந்த இடத்தில் மறுபடியும் கொப்பியைத் திறக்க வேண்டும், புள்ளிவிபரவியல் மறுபடியும் உள்ளே வரும்.

ஆகவே எது முதலில் என்றால் புள்ளிவிபரவியல் முதலில், மூன்று நாலு மாதம். அதற்குப் பிறகு ஜோர்டானோவும் கூட்டாளிகளும் எழுதிய 'எ ஃபர்ஸ்ட் கோர்ஸ் இன் மத்தமட்டிக்கல் மொடலிங்'. நேற்றைய எண்ணிலிருந்து இன்றைய எண்ணைக் கணக்கிடும் வித்தியாசச் சமன்பாடுகளில் தொடங்குகிறது. உங்கள் உயர்தரக் கணிதம் அதற்குத் தாராளம். பட்டியலில் இருக்கும் ஸ்ட்ரொகாட்ஸின் 1994ஆம் வருடப் புத்தகம், 'நொன்லீனியர் டைனமிக்ஸ் அண்ட் கேயோஸ்', எனக்கு மிகவும் பிரியமானது. சமன்பாட்டைத் தீர்க்காமலே படம் வரைந்து அதன் போக்கைப் புரியவைக்கும். வகையீட்டுச் சமன்பாடு கையில் ஓடத் தொடங்கிய பிறகு எடுத்தால்தான் அந்த ருசி தெரியும். நூலகத்தில் இரவல் எடுக்கலாம்.

ஆங்கிலப் பயம் பற்றி. கணித ஆங்கிலம் சின்ன ஆங்கிலம். ஒரு புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயம் நெருப்பு மாதிரி இருக்கும், அதற்குப் பிறகு அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு நிரல் போட்டு, நீங்கள் தமிழில் படித்த சொல்லை எதிரே எழுதி வாருங்கள்: நோர்மல் டிஸ்ட்ரிபியூஷனுக்குச் செவ்வன் பரம்பல், வேரியன்ஸுக்கு மாறற்றிறன், ரேண்டமுக்கு எழுமாற்று. தேசிய கல்வி நிறுவகத்தின் இணைந்த கணிதத் தமிழ் நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சொற்கள் அதிலேயே அகப்படும். கவனிக்க வேண்டியது தெரிந்த சொற்களைத்தான். 'எரர்' என்றால் பிழை என்று படித்துவிடுவோம், இங்கே யாரும் பிழை செய்யவில்லை, அது வழு. 'சிக்னிபிகண்ட்' என்றால் முக்கியமானது என்று படித்துவிடுவோம். இங்கே அதற்கு அர்த்தம், தற்செயலாக மட்டும் இப்படி வருவது அரிது என்பதே. ஒரு கிராம் வித்தியாசமும் அப்படி வரலாம், அது அம்மாவின் சம்பளத்தில் ஒரு சதத்தையும் மாற்றாது.

காசை இப்படிப் பிரியுங்கள். ஃபிரீட்மன் புத்தகம் ஒன்று, பழைய பிரதி. இலவசப் புத்தகங்களில் வேண்டிய அத்தியாயங்களை மட்டும் டவுனில் கொமியுனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். லயத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும், கடதாசி நம்மை விட்டுப் போகாது. தராசுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஜோர்டானோவை இப்போதே வாங்க வேண்டாம், முதல் புத்தகத்தில் பாதி முடிந்த பிறகு யோசிக்கலாம். மிச்சக் காசு பேராதனைக்குப் போய்வரும் பஸ்ஸுக்குத் தேவைப்படும். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் பத்துப் பயிற்சியாவது பேனை பிடித்துச் செய்யுங்கள். ஒரே பக்கத்தை மூன்று தரம் வாசித்தும் விளங்காவிட்டால் குறி வைத்துவிட்டு மேலே போங்கள், அடுத்த உதாரணத்தில் அநேகமாக விளங்கும்.

கல்குலேட்டர் வாங்க வேண்டாம், இப்போதைக்கு ஆர் போதும். பரீட்சைக்கு ஒன்று தேவைப்படும், ஆனால் எந்த வகையை உள்ளே விடுவார்கள் என்று அனுமதி கிடைத்ததும் திணைக்களத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல்நாள் போகும்போது கொழுந்துக் கொப்பியையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்றிட்டத்துக்குத் தலைப்பு என்ன என்று கேட்பார்கள்.